பிடிஓவோடு பதினொரு வருடம்: பாதியில் அறுந்த சீர்வரிசை

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து கேட்டார்: "புதுசா ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதப் போறேன். பிஎச்பியிலிருந்து மைஎஸ்க்யூஎல்லோட பேச மைஎஸ்க்யூஎல்ஐ நல்லதா, பிடிஓ நல்லதா?" பிஎச்பி என்பது நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ்; இரண்டுக்கும் நடுவில் நின்று பேச வைக்கும் கருவிகள்தான் மற்ற இரண்டும். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் பிடிஓ என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்ட அன்றுதான் ஒரு பாத்திரக் கடையின் டேட்டாபேஸோடு மூன்று இரவு மல்லுக்கட்டிவிட்டு எழுந்திருந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே வேலைக்கு முன்பு இருந்த பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை பிஎச்பி 5.5 வந்தபோது, 2013இல், கைவிடப் போவதாக அறிவித்தார்கள். 2015 கடைசியில் வந்த 7.0இல் எடுத்தே விட்டார்கள். நான் அதற்கு முன்பே, 2014இல், பிடிஓவுக்கு மாறிவிட்டேன். மாறிய முதல் நாளே பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் எனக்குப் பிடித்துப்போனது. டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை (குவெரி) தனியாகவும், அதில் போடும் பெயர், எண்களைத் தனியாகவும் வைக்கும் முறை அது. வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஒற்றை மேற்கோள் வந்தால் குவெரி உடைகிற பயம் அன்றோடு போயிற்று. பிழை வந்தாலும் வாய் திறக்காத பழக்கம் ஒன்று பிடிஓவுக்கு இருந்தது. அதுவும் பிஎச்பி 8.0இல் சரியாகி, இப்போது தானாகவே எக்ஸெப்ஷன் வீசிப் பிழையைச் சொல்லிவிடுகிறது. இத்தனை வருடத்தில் கனெக்‌ஷன் தானாக அறுந்தது என்று ஒரு நாள்கூட அந்தக் கடையிலிருந்து போன் வந்ததில்லை. இது பெரிய விஷயம்.

சரி, இப்போது குறை. கனெக்‌ஷன் போடும்போது பிடிஓ ஹோஸ்ட் கேட்கும், டேட்டாபேஸ் பெயர் கேட்கும், யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். எந்தக் கேரக்டர் செட்டில், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் எந்த முறையில், பேசப் போகிறாய் என்று மட்டும் கேட்காது. சொன்னால் எடுத்துக்கொள்ளும். சொல்லாவிட்டால், இருப்பது எதுவோ அதை வைத்துக்கொண்டு போய்விடும். 2014இல் நான் சொல்லவில்லை. அப்போதைய சர்வரில் இயல்பாக இருந்தது, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1.

அதனால் நடந்தது இது. தமிழ் உட்பட எல்லா மொழிகளையும் எழுத உதவும் முறையான யுடிஎஃப்8இல் 'த' என்ற எழுத்துக்கு மூன்று பைட். புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மூன்று பைட். கனெக்‌ஷன் லத்தீன்1 என்பதால் சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஒரு முழு எழுத்தாக எண்ணி, அதை மறுபடி யுடிஎஃப்8 ஆக்கிச் சேமித்தது. படிக்கும்போது அதே தவறு தலைகீழாக நடக்கும், அதனால் திரையில் தமிழ் அழகாகத் தெரியும். அகரவரிசை கேட்டால் மட்டும் பெயர்கள் தாறுமாறாக வந்தன. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வருடம் ஹோஸ்டிங் மாற்றினோம். புதிய சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8.0. அதில் இயல்பே யுடிஎஃப்8எம்பி4, அதாவது யுடிஎஃப்8இன் முழு வடிவம். தவறு இல்லாத கனெக்‌ஷன் வந்ததும், உள்ளே கிடந்த தவறு அப்படியே வெளியே வந்தது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட முத்திரை, மறுபடி அதே 'ஏ', அதே முத்திரை. கடையின் எல்லா வாடிக்கையாளர் பெயரும் அப்படித்தான் தெரிந்தது.

அதைத் திருத்த முடிந்தது. லத்தீன்1 ஆக்கி, எழுத்தென்று பார்க்காத வெறும் பைட்டான பைனரி ஆக்கி, மறுபடி யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் தமிழ் திரும்பி வந்துவிடும். திருத்த முடியாதது வேறொன்று. அந்தக் கடையில் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். வெட்ட வேண்டிய வாசகத்துக்கு 100 எழுத்து இடம் ஒதுக்கியிருந்தேன். ஒரு எழுத்து மூன்றாகக் கணக்கானதால் உண்மையில் கிடைத்த இடம் முப்பத்துச் சொச்சம்தான். இடம் போதாவிட்டால் பிழை சொல்லி நிறுத்தும் ஸ்ட்ரிக்ட் மோடு பழைய ஹோஸ்டிங்கில் கிடையாது. மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. "மஞ்சள் நீராட்டு விழா தாய்மாமன் சீர்வ" என்று ஒரு பதிவு நிற்கிறது. 'ரிசை' டேட்டாபேஸில் எங்குமே இல்லை.

நியாயமாகப் பேசினால், கனெக்‌ஷன் வரியில் சார்செட் (கேரக்டர் செட்டின் சுருக்கம்) என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், பிஎச்பி 5.3.6லிருந்தே அது வேலை செய்கிறது. லத்தீன்1ஐ இயல்பாக வைத்திருந்தது மைஎஸ்க்யூஎல், பிடிஓ அல்ல. மைஎஸ்க்யூஎல்ஐக்குப் போயிருந்தாலும் இதே பள்ளத்தில்தான் விழுந்திருப்பேன். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுக்க வந்தவர், என்ன மொழி என்று கேட்காமலேயே வேலையைத் தொடங்கலாமா? ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு வாழ்நாள் முழுக்க இந்தப் பிரச்சினை தெரியவே போவதில்லை. நமக்கு முதல் எழுத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் நண்பரிடம் சொன்னேன்: வெறும் யுடிஎஃப்8 என்று எழுதாதே, எம்பி4 சேர்த்தே எழுது. மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பழைய பெயருக்கு மூன்று பைட் வரைதான் இடம். தமிழ் எழுத்து அதில் அடங்கிவிடும், அதனால் தெரியாது. யாராவது வாட்ஸ்அப்பிலிருந்து, நாலு பைட் கேட்கும் ஸ்மைலியோடு முகவரியை ஒட்டினால் அங்கே மாட்டும்.

பிடிஓவுக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் என்று கேட்டார். நாலு என்றேன். அவர் பிடிஓவில்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார், கனெக்‌ஷன் வரியை நானே தட்டிக் கொடுத்தேன்.

இப்படிப் பாதியில் அறுந்த பதிவுகள் 47. "போன தடவை வெட்டின அதே வாசகம் போடுங்க" என்று வருகிறவர்கள் இருப்பதால் விட முடியாது. கடைக்கார அக்கா பழைய பில் புத்தகங்களை இறக்கி வைத்து ஒவ்வொன்றாக வாசிக்கிறார், நான் தட்டுகிறேன். 2016 புத்தகங்களில் கார்பன் மங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடிகிறது. இன்னும் 19 பாக்கி.