ஸ்லாப் போட்ட காசா, சும்மா காசா? மதுரையில் வாங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

மதுரையில் நாணயக் கண்காட்சிக்குப் போனால் ஒரே விக்டோரியா ரூபாயை இரண்டு கோலத்தில் பார்க்கலாம். ஒரு மேஜையில் சாதாரண அட்டை உறைக்குள் கிடக்கும். அடுத்த மேஜையில் சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், எம்எஸ் 65 என்று தர எண் அச்சடித்த சீட்டோடு நிற்கும். ஸ்லாப் என்கிற அந்தப் பெட்டி வந்துவிட்டால் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிவிடும். புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர் பெட்டியைத்தான் எடுக்கிறார். யாரோ விஷயம் தெரிந்தவர் பார்த்துச் சீல் வைத்திருக்கிறார் என்ற தைரியம். அந்த யாரோ யார் என்பதைப் பொறுத்து, பெட்டி காசை விட மதிப்புள்ளதாகவும் இருக்கலாம், வெறும் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம்.

காசின் தரத்தைப் பார்த்து எண் கொடுத்துப் பெட்டி போடும் கம்பெனிகளில் முதலில் பெரிய இருவர். பிசிஜிஎஸ் 1986-ல் தொடங்கியது, என்ஜிசி 1987-ல். இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1949-ல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இவர்கள் மற்றக் காசுகளுக்கும் வைக்கிறார்கள். 60-ம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்தில் தேயாத காசு; எம்எஸ் (மின்ட் ஸ்டேட்) என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. இவர்களும் மனிதர்கள்தான், அதே காசைத் திரும்ப அனுப்பினால் ஒரு எண் கூடியோ குறைந்தோ வருவது உண்டு. பிசிஜிஎஸ் தன் தர நிர்ணயத்தைப் பற்றி மிகைப்படுத்தி விளம்பரம் செய்கிறது என்று 1990-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனே வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. அப்படியிருந்தும் இவர்கள் பெட்டிக்கு உலகச் சந்தையில் மரியாதை இருப்பதற்குக் காரணம், தாங்கள் சொன்னது தப்பானால் நஷ்ட ஈடு தருவதாக எழுதிக் கொடுத்திருப்பது. போலியை அசல் என்று சொன்னால் தன் பையிலிருந்து பணம் போகும் என்கிறவர் இன்னொரு முறை லென்ஸை எடுத்துப் பார்ப்பார்.

இவர்களுக்கு அடுத்த வரிசையில் ஏஎன்ஏசிஎஸ், ஐசிஜி என்று இரண்டு. முதலாவது 1972-ல் அமெரிக்க நாணயவியல் சங்கமே ஆரம்பித்தது, பிறகு கை மாறியது. இரண்டும் நாணயமான இடங்கள்தான். ஆனால் விற்கும்போது இவற்றின் பெட்டிக்குப் பெரிய இருவர் அளவுக்கு விலை கிடைக்காது. அவ்வளவே.

தலைவலி மூன்றாவது ரகத்தில்தான். எம்எஸ் என்ற எழுத்தும் 70 என்ற எண்ணும் யாருக்கும் சொந்தமில்லை. காலிப் பெட்டி மொத்த விலைக்குக் கிடைக்கிறது. சீட்டை எந்தப் பிரிண்டரிலும் அடிக்கலாம். காசு விற்கிறவரே, அல்லது அவருக்கு வேண்டியவரே, ஒரு கம்பெனிப் பெயர் வைத்துப் பெட்டி போட்டுக்கொள்கிறார். அங்கே காசை அனுப்புகிறவருக்கு உயர்ந்த எண் வேண்டும், கட்டணம் கொடுப்பவரும் அவர்தான். நஷ்ட ஈடு என்ற பயமும் இல்லை. அப்புறம் எண் எப்படிக் குறையும்?

இதைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் வெள்ளி ரூபாய்களில் இரண்டு குறைகள் அடிக்கடி இருக்கும். ஒன்று, பூஜையறையில் வைத்துத் திருநீறோ புளியோ போட்டுத் தேய்த்துத் தேய்த்து மேல்தோல் போயிருக்கும். பளிச்சென்று இருக்கும், ஆனால் அக்கசாலையில் அடித்தபோது இருந்த மினுமினுப்பு இருக்காது. காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம் போலச் சுழலாமல் தட்டையாக அடிக்கும். லென்ஸில் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். இரண்டு, காசு மாலைக்காக வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்திருப்பார்கள். விளிம்பில் தலைக்கு மேலே ஓரிடத்தில் ராவிய தடமோ பற்றுப்பொடி ஓடிய கறையோ தெரியும். பிசிஜிஎஸ்ஸோ என்ஜிசியோ இப்படிப்பட்ட காசுக்கு எண் தராமல் டீடெயில்ஸ் என்று போட்டுக் காரணத்தையும் எழுதிவிடும். ஒரு கம்பெனியின் பெட்டிகளை வரிசையாகப் பார்த்து, அதில் ஒன்றில்கூட டீடெயில்ஸ் இல்லை, எல்லாமே 64, 65, 66 என்றால் எழுந்து வந்துவிடலாம். இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் போட்டு 1818 என்று ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனி 'காசு' பெட்டிக்குள் இருந்தால் நின்று பார்க்கவே தேவையில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே கிடையாது. அது பக்தி டோக்கன்.

பெரியவர்கள் பெயர் போட்ட பெட்டி என்றாலும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெட்டிகளையே சீனாவில் போலியாக அடிக்கிறார்கள். சீட்டில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் தட்டிப் பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். போலிக்காரர் போடுவது ஏற்கெனவே உள்ள உண்மையான எண்ணைத்தான், ஆகவே அது 'சரி' என்றே காட்டும். தளத்தில் படம் இருந்தால், காசின் மேலுள்ள கீறல், கறை, நிறம் எல்லாம் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிசிஜிஎஸ்ஸின் புதிய பெட்டிகளில் செல்போனை வைத்தால் படிக்கக்கூடிய சிப்பும் உண்டு.

சரி, நம்மிடம் இருக்கும் காசை நாமே அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? இங்கேதான் பலர் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானை பன்றி போல இருக்கிறது என்று கிளர்ச்சி வந்து திரும்பப் பெற்றார்களே, அந்தப் பன்றி ரூபாய் வைத்திருப்பவர் அதைக் கப்பலேற்ற முடியாது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய்க்கு இந்தத் தடை இன்னும் வரவில்லை. அது அரிது, விலையும் அதிகம்; 1938-ன் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிய போலிகளும் சுற்றுகின்றன. ஆக, பெரிய கம்பெனிப் பெட்டிக்குச் செலவழிப்பது நியாயம் என்றால் இந்த மாதிரிக் காசுக்குத்தான். ஏஜென்ட் மூலம் கொடுப்பதானால், காசு எந்த ஊருக்குப் போய் எங்கே சோதிக்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாண்டியர் மீன் காசு, பெருவழுதி பெயர் பொறித்த சதுரக் காசு, மதுரை சுல்தான், நாயக்கர் செப்புக் காசு சேர்ப்பவர்களுக்குப் பெட்டி பெரிதாக உதவாது. என்ஜிசி பழங்காலக் காசுகளையும் பெட்டியில் போடுகிறதுதான். ஆனாலும் அந்தத் துறையில் எழுத்தும் சின்னமும் படிக்கத் தெரிந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவரின் கண்ணுக்கு ஈடு இல்லை. வைகை மணலில் அள்ளியது என்று யாராவது கதை சொன்னால் வாங்கவே வேண்டாம். மண்ணுக்குள் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878-லிருந்து இருக்கும் புதையல் சட்டம்.

கடைசியாக, பெட்டியே இல்லாத காசு. வழக்கமான விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு என் ஓட்டு இதற்குத்தான். எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. வெள்ளி 91.7 சதவீதம், 22 காரட் தங்கத்துக்குச் சொல்லும் 916 கணக்கேதான். தெற்காவணி மூல வீதிப் பக்கம் டச் (உலோகத்தின் சுத்தம்) பார்க்கும் மிஷின் உள்ள கடையில் கொடுத்தால் காசைத் தொட்டு உரசாமலே சொல்லிவிடுவார்கள். மிஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே வேறு உலோகம் இருந்தால் ஏமாந்துவிடும். அதற்கு நீரில் தொங்கவிட்டு எடை பார்த்து ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண்) கணக்கிடுங்கள்; 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். செம்போ நிக்கலோ என்றால் ஒன்பதுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, அரைகுறைக் கம்பெனிப் பெட்டிக்காகக் கூடுதலாகக் கேட்கும் விலையில் சிறு பங்குதான். எடையும் டச்சும் சரியாக இருந்தாலும் நல்ல வெள்ளியிலேயே அடித்த போலியும் உண்டு என்பதால், எழுத்துகளை ஓர் அசல் காசின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிடக்கூடாது.

டீலரிடம் வாங்கும்போது பில்லில் ஆண்டு, அக்கசாலை, எடை, 'போலி என்று தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்' என்ற வரி, அதற்கான காலக்கெடு ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். இவ்வளவும் எழுதிக் கொடுக்கிறவர், நஷ்ட ஈடு தராத பெட்டிக் கம்பெனி தராததைத் தந்துவிடுகிறார். பெட்டி போட்ட காசையே விற்கிறவரானாலும் அதே பில்லைக் கேளுங்கள். பெட்டியிலேயே எல்லாம் இருக்கிறது, பில் எதற்கு என்று மழுப்பினால் அடுத்த மேஜைக்குப் போய்விடுங்கள்.