மாப்பிள்ளையின் சட்டைக்குள் மூன்று வருடம்: ஒரு 32-பிட் ரெக்கார்டர்

பட்டர்வொர்த்தில் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி நேற்று கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அந்தச் சின்ன ரெக்கார்டர் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கோயில் கல்யாணம் எடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். ஐயர் சொல்லும் மந்திரத்துக்கு ஏற்ப ஒலி அளவைக் கூட்டி வைத்தால், கெட்டிமேளத்தில் தவில் பிளந்துவிடும். தவிலுக்காகக் குறைத்தால் பொண்ணு பேசியது கேட்காது. நான் லைட் பிடித்துத் தொழில் பழகிய காலத்தில் அந்த இடத்தில் சினிமாப் பாட்டை ஒட்டிவிடுவார்கள். அந்த விஎச்எஸ் நாடாக்களைப் பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை தின்றுகொண்டிருக்கிறது. துடைத்துச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன். முகம் வருகிறது. ஆனால் தாலி கட்டிய நேரத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதைக் கொடுக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

இந்த ரெக்கார்டர் 32-பிட் ஃப்ளோட் முறையில், அதாவது மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே பதிவில் பிடிக்கும் முறையில் பதிகிறது. ஒலி அளவைத் திருகும் குமிழே இதில் கிடையாது. எல்லை தாண்டிப் போன சத்தத்தையும் எடிட்டிங்கில் கீழே இறக்கினால் அலை முழுசாகத் திரும்ப வந்துவிடும். மைக்கே தாங்காத சத்தம் என்றால் மட்டும் 32-பிட்டாலும் காப்பாற்ற முடியாது. அதனால் மேளக்காரர்களுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

போன வருடம் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மண்டபம். மைக்கை மாப்பிள்ளையின் ஜிப்பாவுக்கு உள்பக்கம் மெடிக்கல் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். வெளியே குத்தினால் மாலை உரசும் சத்தம்தான் பதிவாகும். தாலி கட்டி முடிந்து மேளம் தணிகிற நேரம், பொண்ணோட அப்பா அட்சதை போடக் குனிந்தார். கேமராவில் அவர் முதுகுதான் தெரிகிறது. ராத்திரி வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். தவில் சத்தத்துக்கு அடியில் அவர் குரல்: "தம்பி, இவளுக்கு இடி இடிச்சா பயம். அன்னிக்கு மட்டும் லைட்ட அணைச்சிடாதீங்க." அந்த இருபது விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பொண்ணுக்கே அவர் அப்படிச் சொன்னது தெரியாது. வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இதில் டைம்கோடு, அதாவது படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் நேரக்குறி, இல்லை. கேமராவுக்குள் ஒரு கடிகாரம், இதற்குள் ஒரு கடிகாரம், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. என்னுடையதில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்தான் பிரேம்) ஒலி பிந்துகிறது. நாம் விநாடிக்கு 25 பிரேமில் எடுக்கிறோம், ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. மூன்று மணி நேர முகூர்த்தத்தில் ஆறு பிரேம், கிட்டத்தட்டக் கால் விநாடி. குச்சி தோலில் பட்ட பிறகுதான் தவில் சத்தம் வருகிறது! மூன்று வருடமாக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டிக் கையால் நகர்த்துகிறேன். தூங்காமல் விடிந்த ராத்திரிகளுக்குக் கணக்கே இல்லை. இவ்வளவு நல்ல ஒலியைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சேர்க்க ஏன் மனம் வரவில்லை? ஒவ்வொரு எடிட்டிங்கிலும் இந்தக் கேள்வி வரும்.

பேட்டரி மூடியின் கொக்கியும் உடைந்தது. உதிரி பாகம் இங்கே கிடைக்கவில்லை, கோலாலம்பூருக்கு அனுப்பி ஆறு வாரம் காத்திருந்தேன். செலவு 120 மலேசிய வெள்ளி. அப்புறம் மெமரி கார்டு விஷயம் பயப்படும்படி இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் மோனோவாக (ஒரே ஒலித்தடமாக) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 700 எம்பிக்குள் அடங்கிவிடும்.

ஆக, தம்பி, இதை வாங்காதீங்க. கொஞ்சம் கூடக் காசு போட்டு டைம்கோடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. என்னுடையதை யார் கேட்டாலும் விற்க மாட்டேன், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனில் ஒரு முகூர்த்தம் இருக்கு, காலையில் ஐந்து மணிக்கெல்லாம் வந்துடுங்க. மாலைக்கு அடியில் மைக்கை எப்படி ஒட்டுவது என்று காட்டுகிறேன்.