மேனிங்கா, லீஃபா? 1998 டிராஃப்டின் பெரிய கேள்வி

அமெரிக்கக் கால்பந்தில், போன சீசனில் கடைசியாக வந்த அணிக்குத்தான் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் வாய்ப்பு. 1998-இல் அது இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் கையில் இருந்தது. இரண்டு குவார்ட்டர்பேக்குகளில் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்) யாரை எடுப்பது?

டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங் நான்கு வருடமும் கல்லூரியிலேயே ஆடியவர். அப்பா ஆர்ச்சியும் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்தான். பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணி எப்படி நிற்கிறது என்று கணித்துவிடுவார். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரயன் லீஃபுக்குக் கைவலு அதிகம் என்று பேச்சு. தன் அணியை ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டம் வரை கொண்டுபோனவர். உடம்பையும் வீச்சையும் மட்டும் பார்த்து லீஃப் பக்கம் சாய்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது. லீஃபை சான் டியேகோ சார்ஜர்ஸ் எடுத்தது. அதற்காக 3-ஆம் இடத்திலிருந்து 2-க்கு ஏற, அடுத்த வருடத்தின் முதல் சுற்று வாய்ப்பையும் சேர்த்தே கொடுத்தது.

சரி, மேனிங்குக்கும் முதல் சீசன் அடிதான்: 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு), 13 தோல்வி. ஆனாலும் 16 ஆட்டமும் ஆடினார். லீஃபின் மூன்றாவது ஆட்டம் கான்சாஸ் சிட்டியில். 15 முறை வீசினார். ஒன்றுதான் சக வீரர் கைக்குப் போனது, அதுவும் 4 கெஜம். அந்த சரிவிலிருந்து அவர் மீளவே இல்லை. என்.எஃப்.எல்.-இல் ஆடிய காலம் முழுக்க மொத்தம் 14 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த வீச்சு), 36 இன்டர்செப்ஷன்.

என் ஓட்டு அன்றும் மேனிங்குக்குத்தான் விழுந்திருக்கும். கைவலு கண்ணில் படும். எதிரணியைக் கணிக்கும் மூளைதான் ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு வேண்டும்.