பழைய கித்தாரின் ஈட்டி மரப் பலகை: ஒன்பது ஆண்டுப் பராமரிப்பு அனுபவம்

தாய்மாமா எனக்குக் கொடுத்த அக்கூஸ்டிக் கித்தாரை ஒன்பது ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கைக்கு வந்தபோதே அதன் ஈட்டி மர விரல்பலகையில், மாமா அன்றாடம் கார்டு (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் விரல் அமைப்பு) பிடித்த முதல் மூன்று ஃபிரெட்டுகளுக்கு (பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளுக்கு) இடையே, மரம் வெளுத்துக் குழிந்திருந்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு அப்பால் கருமை மாறாமல் இருந்தது.

மரம் காய்ந்துவிட்டது என்றே முதலில் எண்ணினேன். "தேங்காய் எண்ணெய் தடவுப்பா, கதவுக்கெல்லாம் அதைத்தானே தடவுவோம்" என்றார் அம்மா. தடவிய அன்று பலகை மின்னியது. சில மாதங்களில் ஃபிரெட் ஓரமெல்லாம் தூசி ஒட்டிக் காறல் வாடை வீசத் தொடங்கியது. பிறகு ஒரு கடையில் கறுப்புச் சாயம் பூசித் தந்தார்கள். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்த்த கையோடு வாசித்தபோது சாயம் விரல்நுனியில் ஏறியதே தவிர மரத்தில் நிற்கவில்லை.

வெளுப்பு, அழுக்கு, குழி ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை அதன் பிறகே புரிந்துகொண்டேன். கம்பிகளைக் கழற்றி, ஒலித்துளையை மூடி, சன்னலைத் திறந்துவைத்து, லைட்டர் திரவத்தில் லேசாக நனைத்த துணியால் துடைத்தேன். துணி தேநீர் நிறமாகி, பின்னர் கறுத்தது. மரத்தின் நிறம் என்று நான் நம்பிய கருமையில் பெரும்பகுதி விரல் எண்ணெயும் அழுக்குமே. அடுத்து 0000 என்ற மிக மெல்லிய தர எஃகுக் கம்பளியால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் மெல்லத் தேய்த்தபோது, ஃபிரெட் ஓரங்களிலிருந்த பச்சைக் களிம்பும் போயிற்று. ஃபிரெட் செய்யும் உலோகத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது என்பதால் வியர்வை பட்டால் களிம்பு ஏறும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு இந்த முறை ஆகாது.

விரல்பலகைக்கென விற்கும் கனிம எண்ணெயைச் சில சொட்டுகள் தடவி, ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடுவதை ஆண்டுக்கு இருமுறை மட்டும் செய்கிறேன். குளிர்நாட்டார் சொல்வதுபோல அடிக்கடி எண்ணெய் காட்டுவது, சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் உள்ள சிங்கப்பூருக்குத் தேவையில்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் மட்டும் காற்று வறள்வதால், கித்தாரை அங்கே பெட்டிக்குள்தான் வைக்கிறேன்.

குழிகளை நிரப்பவில்லை. கம்பி மரத்தில் அமராமல் ஃபிரெட்டின் மேல் அமர்வதால், இந்த அளவுக் குழி ஒலியைக் கெடுப்பதில்லை. என் கித்தாரில் இரைச்சல் தந்தது ஃபிரெட்டிலேயே விழுந்திருந்த கம்பித் தடம். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் உள்ள கித்தார் கடையில் கொடுத்து ஃபிரெட்டுகளைச் சமன்செய்த பின் அது நின்றது. மரத்தைக் குடையும் இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுகிறேன். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துண்டால் கம்பியையும் பலகையையும் துடைக்கிறேன். சி கார்டில் ஆட்காட்டி விரல் அமரும் குழி, மாமா விட்டுச்சென்ற ஆழத்திலேயே இருக்கிறது.