உப்புக்காற்றுக்கு எந்த ஸ்க்ரூ, அதைப் பூட்ட எந்த மெஷின்?

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலோ கல்முனையிலோ வீடு கட்டுகிறவரும் சரி, இருக்கிற வீட்டுக்குக் கூரை மாற்றுகிறவரும் சரி, கடையில் முதலில் கேட்பது "இம்பெக்ற் எடுக்கிறதா, ட்ரில் எடுக்கிறதா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆள் ஸ்க்ரூ வாங்கும்போது "ரெண்டு இஞ்சியில ஒரு பெட்டி தாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று குடியிருக்கிற நமக்கு இது தலைகீழான கணக்கு. மெஷினில் சிக்கனம் பார்க்கலாம். ஸ்க்ரூவில் பார்க்கக் கூடாது.

முதலில் மெஷினைப் பார்ப்போம். ட்ரில்லின் கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். அதுதான் கிளச். எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்த அளவு இறுக்கம் வந்ததும் 'கடகட' என்று கழன்று சுற்றும், ஸ்க்ரூ அதற்கு மேல் இறங்காது. இம்பெக்ற் ட்ரைவரின் மூக்கு குட்டை. கால் இஞ்சி, அதாவது 6.35 மில்லிமீற்றர் அறுகோண பிற் மட்டும்தான் அதில் ஏறும். உள்ளே ஒரு சுத்தியலும் பட்டடையும் இருக்கின்றன. ஸ்க்ரூ இலகுவாக இறங்கும்வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். மரம் எதிர்க்கத் தொடங்கியதும் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் வந்து, பாய்ந்து, சுற்றும் திசையிலேயே பட்டடையை அடிக்கும். இப்படி நிமிடத்துக்கு 3,000 தடவைக்கு மேல். அடி அடியாகப் போவதால் பலம் ஸ்க்ரூவில் இறங்குகிறது, மணிக்கட்டு முறுகுவதில்லை. ஏணியில் நின்று ஒற்றைக் கையால் வேலை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

வித்தியாசத்தை எண்ணில் பார்த்தால், மகிட்டா நிறுவனத்தின் டி.டி.டி. 152 இம்பெக்ற் 165 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தரும். அதே 18 வோல்ற் பற்றரியில் ஓடும் அவர்களுடைய டி.எச்.பி. 482 ஹாமர் ட்ரில் தருவது 62. பற்றரி பற்றியும் ஒரு வார்த்தை: பெட்டியில் 20 வோல்ற் என்று போட்டிருப்பது 18 வோல்ற்றை விடப் பலம் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இரண்டிலும் ஐந்து செல்கள்தான் வரிசையாக இருக்கின்றன. முழுச் சார்ஜில் அளந்தால் 20, ஓடும்போது 18.

இம்பெக்ற் அடிக்கிறது என்பதற்காகச் சுவரில் துளை போட அதை எடுக்கக் கூடாது. அது பக்கவாட்டில் சுழற்றி அடிக்கிறது. சீமெந்துக் கல்லுக்கும் கொங்கிரீற்றுக்கும் பிற்றை முன்னோக்கிக் குத்துகிற ஹாமர் ட்ரில்தான் வேண்டும். ஆகவே வீட்டுத் தேவைக்கு ஒரே ஒரு மெஷின் வாங்குகிறவருக்கு என் பதில் கிளச் உள்ள ஹாமர் ட்ரில். தச்சு வேலையும் கூரை வேலையும் தொழிலாகச் செய்கிறவர் அதே பற்றரியில் ஓடும் இம்பெக்ற்றையும் எடுக்கலாம், காதுக்கு அடைப்பானோடு. கூரைக்குக் கீழே மூடிய இடத்தில் அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும்.

மரக்காலையில் வாங்கும் மரத்தைப் பொறுத்தும் பதில் மாறும். மஹோகனி போன்றவற்றில் இம்பெக்ற் நீள ஸ்க்ரூவை ஒரே மூச்சில் இறக்கிவிடும். முதிரையும் பாலையும் வேறு சாதி, கடும் வைரமான மரங்கள். அந்த மரங்களில் துளை போடாமல் இம்பெக்ற்றை அழுத்தினால் மெஷின் தோற்காது, ஸ்க்ரூவின் தலைதான் அறுந்து கையோடு வரும். எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு, அதாவது 4.2 மில்லிமீற்றருக்கு, முதலில் 3 மில்லிமீற்றரில் ஒரு வழித்துளை போடுங்கள். மரைமீது மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனெனில் கடினப்படுத்திய சாதாரண இரும்பு ஸ்க்ரூவை விட அது மென்மையானது. கதவுப் பிணைச்சல், அலுமாரி, சீலிங் பலகை எல்லாம் ட்ரில்லின் கிளச்சில் குறைந்த எண்ணில் செய்ய வேண்டிய வேலை. அங்கே இம்பெக்ற் தேவையில்லை.

கூரையில்தான் எனக்கு நம் ஊர் வழக்கத்தோடு உடன்பாடில்லை. தகரச் சீற்றைப் பூட்ட எல்லோரும் இம்பெக்ற்றையே எடுக்கிறார்கள். வேகம் இருக்கிறது, உண்மை. ஆனால் கூரை ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே இருக்கும் கறுப்பு ரப்பர் வாசரைக் குனிந்து பாருங்கள். சரியாகப் பூட்டினால் ரப்பர் உலோக வாசரின் விளிம்புவரை வந்து மட்டமாக நிற்கும். கூட இறுக்கினால் வெளியே பிதுங்கி, ஓரம் வெடித்து, சீற்றும் அந்த இடத்தில் குழியும். குழியில் மழைநீர் தேங்கும். வெடித்த ரப்பர் வெயிலில் காய்ந்த பிறகு, அடுத்த மாரியில் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த வகை ஸ்க்ரூக்களுக்கு இம்பெக்ற் வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். கிளச் வைத்த ட்ரில்லால் பூட்டுவதே என் தெரிவு. இம்பெக்ற்தான் கையில் இருக்கிறது என்றால் குறைந்த வேகத்தில் ஓட்டி, ரப்பர் அமரும் கணத்தில் விரலை எடுங்கள்.

கூரை ஸ்க்ரூவிலும் இரண்டு வகை. சீ பேர்லினுக்கு, அதாவது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு, வருவதன் நுனி ட்ரில் பிற் போல இருக்கும். அது தானே துளைத்துக்கொண்டு போகும். மரச் சலாகைக்கு வருவதன் நுனி கூர், பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். இரும்புக்கான நுனியை மரத்தில் பாவித்தால் துளை பெரிதாகிப் பிடி தளரும். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளை என்ன செய்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்குப் பிடி என்ற சொல்லின் பாரம் விளங்கும். காற்று சீற்றைத் தள்ளுவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம். அந்த இழுவை கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் கூடுதல். அங்கே ஸ்க்ரூக்களை நெருக்கிப் போடுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் மெஷினால் துளைக்கவே வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

இனி உலோகம். கறுப்பு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் ஜிப்சம் போட் ஸ்க்ரூவை வெளிவேலைக்கும் பாரம் தாங்கும் இடத்துக்கும் தொடாதீர்கள். அது நொறுங்கும் இயல்புடையது. வளையாமல் ஒரேயடியாக முறியும், ஈரம் பட்டால் துருவும் சீக்கிரம். பளபளக்கும் நாகமுலாம் (சிங்க் பூச்சு) ஸ்க்ரூவில் மின்முறையில் ஏறிய பூச்சு பெரும்பாலும் 10 மைக்ரோனுக்கும் குறைவு. கடலுக்குத் தள்ளி, அம்பாறை நகரத்திலோ மகாஓயாப் பக்கமோ வீட்டுக்குள் அது போதும். கடலை ஒட்டிய நாவலடியில், காத்தான்குடிக் கரையில், திருக்கோவிலில் வெளிவேலைக்கு அது போதாது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த ஸ்க்ரூவின் பூச்சு 40 மைக்ரோனுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு, பார்வைக்கு அழகில்லை, ஆனால் காசுக்கு ஏற்ற காவல்.

ஸ்டெயின்லெஸ்ஸில் 304, 316 என்று இரண்டு. 316இல் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பை எதிர்த்து நிற்பது அதுதான். 304 கடற்கரையில் தேநீர்க் கறைபோலப் பழுப்பாகும். கடலுக்கு முகம் பார்த்த கேற், மர வேலி, வெளிக்கதவு எல்லாவற்றுக்கும் 316 போடுங்கள், விலை கூடத்தான். வாவிப் பக்கத்து வீட்டுக்கு 304ஓடு சமாளிக்கலாம்.

அதற்காகக் கூரைக்கும் ஸ்டெயின்லெஸ் என்று போய்விடாதீர்கள். நாகமும் அலுமினியமும் பூசிய சீற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைப் பூட்டினால், உப்பு ஈரம் இரண்டையும் இணைக்கும்போது ஸ்க்ரூ தப்பும், அதைச் சுற்றிய சீற் அரிக்கும். சீற்றுக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் தடித்த பூச்சுள்ள கூரை ஸ்க்ரூவே பொருத்தம்.

தலையைப் பொறுத்தவரை, கிடைத்தால் ஆறுமுனை நட்சத்திரத் தலையை எடுங்கள், பிற் வழுக்காது. சாதாரண பிளஸ் தலை இம்பெக்ற்றுக்குக் கீழே சீக்கிரம் தேயும்.

கடையில் 316 என்று சொல்லித் தருவதை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். 304ம் 316ம் மெல்லத்தான் ஒட்டும், அல்லது ஒட்டவே ஒட்டாது. டக்கென்று பாய்ந்து ஒட்டினால் நாகமுலாம் பூசிய இரும்பாகவோ எளிதில் துருவும் 410 என்ற ஸ்டெயின்லெஸ் வகையாகவோ இருக்கலாம். 304ஐயும் 316ஐயும் காந்தம் பிரித்துக் காட்டாது. அதற்குப் பெட்டியில் ஏ2 என்றிருக்கிறதா ஏ4 என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஏ4தான் 316.