மேயர் கையில் எந்தச் சாவி? பால்டிமோரின் இருவரும் வான்கூவரின் ஒருவரும்

"போதைச் சட்டத்தை மாற்றுவேன், போலீஸைக் கேள்வி கேட்பேன்" என்று ஒரு மேயர் வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தால், எனக்கு உடனே ஒரு கேள்விதான் வாயில் வரும். ஐயா, இந்த இரண்டில் எது உங்கள் கையில் இருக்கிறது? அமெரிக்காவில் போதைச் சட்டம் எழுதுவது மாநிலமும் மத்திய அரசும். போலீஸுக்குச் சம்பளம் நகரம் கொடுத்தாலும், தப்பு செய்த போலீஸ்காரரை எப்படி விசாரிப்பது என்பதைப் பல இடங்களில் மாநிலச் சட்டம்தான் சொல்கிறது. கனடாவில் குற்றச் சட்டம் முழுக்க மத்திய அரசு வசம். அப்படியிருந்தும் இந்த இரண்டையும் மேயர் தேர்தலில் பேசுகிறார்கள், ஜெயிக்கவும் செய்கிறார்கள். மூன்று பேரை வைத்துப் பார்க்கலாம்: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோரின் கர்ட் ஷ்மோக், அவருக்குப் பின் வந்த மார்ட்டின் ஓமாலி, கனடாவின் வான்கூவர் நகரத்து லாரி கேம்ப்பெல்.

ஷ்மோக் 1987-ல் மேயரானபோது அவருடைய பிரச்சாரத்தில் போதைச் சட்டம் இல்லை. அதற்கு முன் நகரத்தின் அரசு வழக்கறிஞர். போதை வழக்குகளில் ஆட்களைச் சிறைக்கு அனுப்பியதே அவர் அலுவலகம்தான். பதவியேற்று ஐந்தாவது மாதம், 1988 ஏப்ரலில், வாஷிங்டனில் நடந்த மேயர்கள் மாநாட்டில் எழுந்து, போதையைக் குற்றமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு நோயாகப் பார்க்கலாமா என்று விவாதிப்போம் என்றார். கிராக் கொக்கெய்ன் உச்சத்தில் இருந்த காலம். இதோடு இவர் அரசியல் முடிந்தது என்று பலரும் பேசினார்கள். முடியவில்லை, 1991, 1995 இரண்டு தேர்தலிலும் ஜெயித்தார்.

ஆனால் பேசியதில் எவ்வளவு நடந்தது? சட்டம் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவர் கையில் கிடைத்தது ஊசி மாற்றுத் திட்டம். பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி கிடைக்கும், எச்.ஐ.வி. பரவுவது குறையும். அதற்கும் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. திட்டத்தின் வண்டி தெருவுக்கு வந்தது 1994-ல். ஒரு பேச்சுக்கும் ஒரு வண்டிக்கும் நடுவே ஆறு வருஷம்! அதற்குள் கொலைக் கணக்கு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. 1990 முதல் 1999 வரை ஒவ்வோர் ஆண்டும் முந்நூறுக்கு மேல். ஊசியால் தப்பித்த உயிரை யாரும் எண்ணிக் காட்ட முடியாது. தெருவில் விழுந்த உடலை மறுநாள் பத்திரிகை எண்ணிக் காட்டும்.

1999-ல் ஓமாலி வந்தார். போட்டியிடுவதாக அறிவித்ததே போதைப்பொருள் விற்கும் ஒரு தெருமுனையில் நின்றுதான். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள் வாழும் ஊர். வெள்ளையரான இவர் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினார். இதைக் கேட்டு ஆச்சரியப்படுபவர்கள் அந்தத் தெருமுனையில் குடியிருந்ததில்லை என்றுதான் சொல்வேன். வாசலில் விற்பனை நடக்கும்போது, "இது பொது சுகாதாரப் பிரச்சினை" என்ற வார்த்தை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் காதில் ஏறாது.

தெருமுனை விற்பனையைக் கைது செய்து ஒழிப்பேன் என்ற ஓமாலியின் வாக்குறுதிக்கு ஒரு வசதி இருந்தது: யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கமிஷனரை நியமிப்பவர் மேயர். கைது செய்யச் சொன்னால் போதும். 2000-ல் கொலைகள் 261 ஆகக் குறைந்தன. பத்து வருஷத்தில் முதல் முறையாக முந்நூறுக்குக் கீழே. இது பொய்யில்லை, அவருக்கு வர வேண்டிய பெயர். அப்புறம் கைது ஒரு பழக்கமாகிப் போனது. சுமார் 6.4 லட்சம் பேர் வாழும் ஊரில் 2005-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கைதுகள். வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தவர், கையில் திறந்த பீர் பாட்டில் வைத்திருந்தவர், சும்மா நின்றவர் எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். பல மணி நேரம் அடைத்து வைத்து, வழக்கே போடாமல் ஆயிரக்கணக்கானோரை வெளியே விட்டார்கள். வழக்கு இல்லாவிட்டாலும் கைதுப் பதிவு நிற்கும். வேலைக்குப் போகும்போது அது கூடவே வரும். 2006-ல் மனித உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2010-ல் நகரம் 8,70,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் ஓமாலி மாநில ஆளுநராகிவிட்டார். கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை என்ற சட்டத்தில் 2014-ல் கையெழுத்துப் போட்டவரும் அதே ஓமாலிதான். ஷ்மோக் அன்று எப்படிச் சிரித்திருப்பாரோ!

இந்தக் கைதுகளுக்கான விலையை ஊர் கொடுத்தது அதற்குப் பின்னால்தான். 2015 ஏப்ரலில் ஃபிரெடி கிரே என்ற இளைஞர் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார், ஊர் பற்றி எரிந்தது. மறு ஆண்டு வந்த மத்திய நீதித்துறை அறிக்கையில் ஐம்பது வயது தாண்டிய ஒரு கறுப்பினத்தவர் வருகிறார். நான்கு வருஷத்துக்குள் அவரைப் போலீஸ் முப்பது முறை நிறுத்தி விசாரித்தது. ஒரு முறைகூட அபராதமோ வழக்கோ இல்லை.

சரி, வான்கூவருக்கு வருவோம். என் கணக்கில் மூன்றில் தேறியது இதுதான், ஆனால் பாதிதான் தேறியது. கேம்ப்பெல் ஒரு காலத்தில் போதைத் தடுப்புப் பிரிவு போலீஸ்காரர். பிறகு திடீர் மரணங்களை விசாரிக்கும் கொரோனர் அதிகாரி. விடுதி அறைகளில் ஊசியோடு கிடந்த உடல்களைப் பார்த்துப் பார்த்து மனம் மாறியவர். அவருக்கு முன்னிருந்த மேயர் ஃபிலிப் ஓவன் பழமைவாதச் சாய்வுள்ள கட்சிக்காரர். தடுப்பு, சிகிச்சை, சட்ட நடவடிக்கை, தீங்கு குறைப்பு என்று நான்கு தூண் திட்டத்தைக் கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே அவரைக் கைவிட்டது. 2002 நவம்பர் தேர்தலில் அந்தத் திட்டத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கேம்ப்பெல் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஷ்மோக் கேட்டது ஒரு விவாதம். கேம்ப்பெல் கேட்டது ஒரு கதவு. கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெருவில் 2003 செப்டம்பரில் அந்தக் கதவு திறந்தது. இன்சைட் என்று பெயர். உள்ளே வரிசையாகச் சின்னத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி, எஃகு மேசை, பயன்படுத்திய ஊசியைப் போட ஒரு டப்பா. போதையைக் கொண்டுவருபவர் அவரேதான்; சுத்தமான ஊசியும் தண்ணீரும் அங்கே கிடைக்கும். மூச்சு நின்றால் ஓடிவர நர்ஸ் இருப்பார். சட்டத்தை மாற்றாமல், சட்டத்திலேயே இருந்த விலக்குப் பிரிவின் கீழ் மத்திய அரசிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். வட அமெரிக்காவில் இப்படிச் சட்டப்படி நடந்த முதல் இடம். அதை மூட அடுத்து வந்த மத்திய அரசு முயன்றபோது, 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து "கூடாது" என்றார்கள். அதே ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றின்படி, அந்த இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் போதை அளவு மீறியதால் நேரும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன.

போலீஸ் விஷயத்தில் கேம்ப்பெல் சறுக்கினார். அப்போதைய சட்டப்படி மேயர்தான் போலீஸ் வாரியத்தின் தலைவர். பால்டிமோர் மேயருக்கு இல்லாத பொறுப்பு இது. இருந்தும், இன்சைட் திறப்பதற்குச் சில மாதங்கள் முன் அதே தெருக்களில் போலீஸ் பெரிய கெடுபிடி நடத்தியது. ஊசி போடுபவர்கள் சந்துக்குள் ஓடி ஒளிகிறார்கள் என்று சர்வதேச மனித உரிமை அமைப்பே அறிக்கை விட்டது. அதே 2003 ஜனவரியில் ஆறு போலீஸ்காரர்கள் மூன்று பேரை ஸ்டான்லி பூங்காவுக்குக் கொண்டுபோய் அடித்திருந்தார்கள். உடனிருந்த புது கான்ஸ்டபிள் வாயைத் திறந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆறு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வேலை போனது இரண்டு பேருக்கு. ஒரே தவணையோடு கேம்ப்பெல் விலகி, 2005-ல் செனட்டுக்குப் போனார்.

போதை பற்றி மட்டும் ஓட்டுப் போடுவதென்றால் நான் கேம்ப்பெல் பக்கம். போலீஸைக் கணக்குக் கேட்பதென்றால் மூவரில் யாருக்கும் என் ஓட்டு இல்லை. (இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகனான திரு விக்னராஜாவும் இதே பால்டிமோர் மேயர் பதவிக்கு 2020-லும் 2024-லும் களமிறங்கினார். 'திரு' அவர் பெயர், மரியாதைக்குப் போட்டதில்லை. இரண்டாம் முறை பாதியில் விலகி முன்னாள் மேயர் ஷீலா டிக்சனை ஆதரித்தார். ஜெயித்தவர் பிராண்டன் ஸ்காட்.)

கமிஷனரை மேயர் நியமித்தாலும், பால்டிமோர் போலீஸ் 1860-களிலிருந்து சட்டப்படி மாநிலத்தின் அமைப்பாகவே இருந்தது. விசாரணைக்கு ஆளாகும் போலீஸ்காரர்களுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதலில், 1974-ல், கொண்டுவந்ததும் மேரிலாந்துதான். அது 2021-ல்தான் ரத்தானது. போலீஸை நகரத்திடமே திருப்பிக் கொடுக்க 2022 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் போலீஸ் பற்றி நகர்மன்றம் சட்டம் போடக் கூடாது என்ற பழைய வரி ஒன்று நகரச் சாசனத்தில் அப்படியே கிடந்தது. அதை எடுக்க 2024 நவம்பரில் இன்னொரு முறை வரிசையில் நின்றார்கள்.