கோள் கேக்குக்கான மினுங்கும் தூள்: பூசுவதற்கு முன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

செவ்வாய், சனி போன்ற கோள்களின் வடிவில் செய்யும் கேக்குக்காக இணையச் சந்தையில் ‘கோள் கேக் பெட்டி’ என்று விற்கப்படும் மினுங்கும் தூளை வாங்கி வைத்திருப்பவர்கள், அதைக் கேக்கில் பூசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு வந்த பெட்டியில் எட்டுக் குட்டிப் போத்தல்கள். செவ்வாய்க்குச் செம்பு நிறம், சனிக்குத் தங்க நிறம், வியாழனுக்கு வெண்கல நிறம், மற்றவை நீலம், ஊதா, முத்து வெள்ளை. விலை 38 சிங்கப்பூர் வெள்ளி. விற்பனைப் பக்கத்தில் ‘எடிபிள்’, அதாவது உண்ணத் தகுந்தது, என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போத்தலின் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரை உரித்தால், அடியில் வேறு கதை: அலங்காரத்துக்கு மட்டும், உண்பதற்கு முன் அகற்றவும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. மூலப்பொருள் பட்டியல் இல்லை, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரியும் இல்லை. அந்த வரியை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு அது என்ன பொருள் என்று தெரிந்தே இருக்கிறது. அதனால்தான் இதை ஏமாற்று வேலை என்கிறோம்.

விற்பவரிடம் விளக்கம் கேட்டதற்கு வந்த பதில், ‘நான்-டாக்சிக்தான் (நச்சில்லாததுதான்), எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்.’ வற்புறுத்தியதும் ஒரு சான்றிதழை அனுப்பினார்கள். அதில் இருந்தது இஎன் 71. அது ஐரோப்பாவின் விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரம். உணவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற எண்ணைக் காட்டினாலும் மயங்காதீர்கள். அது ஓவியப் பொருள்களுக்கான லேபிள் விதி. ‘திறந்த போத்தலுக்குப் பணம் திருப்பித் தர முடியாது’ என்பது கடைசிப் பதில். திறந்து ஸ்டிக்கரை உரிக்காமல் அந்த வரியை எப்படிப் படிப்பது?

நான்-டாக்சிக் என்ற சொல் போத்தலில் இருப்பதால் அது தின்னத் தகுந்தது ஆகிவிடாது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக்கின் மேலே பூசியிருந்த தங்க நிறத் தூளில் செம்பு மிக அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு மிசூரியில் ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததை விசாரித்தபோது, கேக் அலங்காரத்துக்கான மஞ்சள் தூள் ஒன்றில் கால் பங்கு ஈயமே இருப்பது தெரிந்தது. கோள், விண்மீன் மண்டலம் போன்ற அறிவியல் கேக்கில் இந்த ஆபத்து கூடுதல். ரோஜாப் பூவின் ஓரத்தில் ஒரு தொடுகை அளவு பூசுவது வேறு. கோள் உருண்டை முழுவதும், விண்மீன் மண்டலக் கேக்கின் மேற்பரப்பு முழுவதும் தூள் அப்புவது வேறு.

உண்ணத் தகுந்த மினுங்கும் தூள் பெரும்பாலும் மைக்கா என்ற கனிமம். இ555 என்ற உணவுச் சேர்க்கை எண்ணில் வரும். நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு, அதாவது இ172, சேர்ந்திருக்கும். மினுமினுப்புத் துணுக்குகள் என்றால் சர்க்கரை, கம் அராபிக் (இ414), மால்டோடெக்ஸ்ட்ரின், சோள மாவு இவற்றில் சில இருக்கும். மலிவான தங்க, வெண்கல நிறத் தூள்களில் பல நிஜமான உலோகப் பொடி, செம்பும் துத்தநாகமும் கலந்தது. கண்ணுக்கு அதுதான் கூடுதலாகப் பளபளக்கும். படத்தில் அழகாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். மைக்கா என்று எழுதியிருந்தாலும் அது மட்டும் போதாது. சோப்புக்கும் ரெசினுக்கும் விற்கும் மைக்காவைக் குட்டிப் போத்தலில் மாற்றி அடைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் பொட்டலமிட்டு விற்கும் உணவுப் பொருளில் பெயர், மூலப்பொருள் பட்டியல், நிகர எடை, இறக்குமதியாளர் பெயர் முகவரி, தயாரான நாடு எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரில் போட்டுச் சோதிக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். துணுக்குகளுக்கு அது ஓரளவு உதவும்: கம் அராபிக் துணுக்கு வெந்நீரில் கரையும், பிளாஸ்டிக் கரையாது. தூளுக்கு உதவாது. நல்ல மைக்காவும் கரையாது, செம்புப் பொடியும் கரையாது. ஈயத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் நம்பத் தகுந்த வழி இல்லை.

இந்தத் தூள் இல்லாமலே கோள்கள் நன்றாக வரும். செவ்வாய்க்கு, சிவப்பு ஜெல் நிறத்தோடு ஒரு துளி ஆரஞ்சும் ஒரு சிட்டிகை கொக்கோவும் சேர்த்துப் பிசைந்த ஃபாண்டன்ட் (கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவு) துருவின் நிறத்தைக் கொடுக்கும். வியாழனுக்கு வெள்ளை, கேரமல், பழுப்பு ஃபாண்டன்டைக் கயிறு கயிறாக அடுக்கி, ஒரே ஒரு முறை முறுக்கித் தேயுங்கள். கூடப் பிசைந்தால் பட்டைகள் மறைந்து ஒரே பழுப்பாகிவிடும். சனியின் வளையத்துக்கு 250 கிராம் ஃபாண்டன்டுக்கு அதை இறுக வைக்கும் சிஎம்சி தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டி, ஏர்கான் அறையில் குறைந்தது இரண்டு நாள் காய வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு நாள் போதாது, வளையம் தொங்கிவிடும். குளிர்பெட்டியில் காய வைக்கவே கூடாது.

நெப்டியூனின் நீலத்துக்குச் சங்குப்பூ இருக்கிறது. ஒரு கைப்பிடி காய்ந்த பூவை 60 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் ஊற வைத்து வடிகட்டி, பட்டர்கிரீமில் ஒவ்வொரு தேக்கரண்டியாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கிரீம் திரிந்துவிடும். வெண்ணெயின் மஞ்சள் சேர்ந்து நீலம் பச்சையாகத் தெரிந்தால் ஊசிமுனை அளவு ஊதா ஜெல் போதும். எலுமிச்சை சேர்க்காதீர்கள், அமிலம் பட்டால் நிறம் ஊதாவாக மாறும். அறிவியல் கேக்கில் அதுவே நல்ல வித்தை: தெளிந்த சங்குப்பூ நீரைச் சிறு கண்ணாடிக் குவளையில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளையே எலுமிச்சை பிழிய விடலாம்.

விண்மீன் மண்டலத்தின் கருப்புக்கு வெள்ளைக் கிரீமில் கருப்பு ஜெல்லைக் கொட்டினால் கசக்கும். கொக்கோ கிரீமிலிருந்து தொடங்கிக் கொஞ்சமாகக் கருப்பு சேர்த்து ஓர் இரவு விட்டால் நிறம் தானே ஆழமாகும். 250 கிராம் வெண்ணெய் என்று குறிப்பு சொன்னால், 170 கிராம் வெண்ணெயும் 80 கிராம் தாவர ஷார்ட்டனிங்கும் (கெட்டியான தாவரக் கொழுப்பு) போடுங்கள், இந்த வெயிலுக்கு அது தாங்கும். விண்மீன்களுக்கு ஐசிங் சர்க்கரையைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, புதிய பல்துலக்கியால் தெறித்தால் துணுக்கே தேவையில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கை மூடிய பெட்டியிலேயே அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். திறந்தால் ஈரம் கேக்கின் மேல் படிந்து நிறம் வழியும்.

உலோகப் பளபளப்பு வேண்டியே தீரும் என்றால், பேக்கிங் பொருள் கடையில் முழு லேபிளோடு உள்ள தூளை நேரில் பார்த்து வாங்குங்கள்.

இந்த மாதிரிப் பெட்டி ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால் போத்தலைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்டிக்கர் இருக்கும்போது ஒரு படம், உரித்தபின் ஒரு படம், விற்பனைப் பக்கம், உரையாடல், பணம் கட்டிய பதிவு எல்லாவற்றையும் உடனே சேமியுங்கள். புகார் போனதும் விற்பனைப் பக்கம் காணாமல் போய்விடலாம். தளத்துக்கு வெளியே பேநவ் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை) வழியாகப் பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள், தளத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. சிங்கப்பூர் உணவு அமைப்புக்குத் தெரிவியுங்கள். பணத்துக்குப் பயனீட்டாளர் சங்கமும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமும் உள்ளன. மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள் கோரலாம்.

பிள்ளை ஏற்கெனவே சாப்பிட்டு வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம். போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்தத் தூள், எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். உடனே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஈயத்துக்கு இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அந்தத் தூள் பட்ட தூரிகையும் ஸ்பாஞ்சும் சமையலறைக்குத் திரும்ப வேண்டாம். மீதித் தூளைப் பிள்ளைகளின் கைவேலைக்கும் கொடுக்காதீர்கள், மூடியைத் திறக்கும்போதே அது மூக்கில் ஏறும்.